ஒரே ஹொக்கிக் கழகம் உள்ள ஊரில் எது சந்தை விலை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில் ஹொக்கி ரிக்கற் விலை பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். ஆட்கள் கூடும்போது விமானத்துக்கும் ஹோட்டலுக்கும் விலை ஏறுகிறது, ஹொக்கிக்கும் அப்படித்தான். முடிந்தவர்கள் அரங்குக்குப் போகட்டும், முடியாதவர்கள் வீட்டிலிருந்து பார்க்கட்டும் என்ற தொனியில் கட்டுரையாளர் முடித்திருந்தார். ஸ்காபரோவில் பிள்ளைகளை வளர்த்து, அவர்களோடு சேர்ந்து ரொறன்ரோவின் மேப்பிள் லீவ்ஸ் அணியை நேசிக்கப் பழகிய ஒரு தாயாக, அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில், வாங்க விரும்புவோர் தொகையைப் பார்த்து விலையை மாற்றிக்கொண்டே இருக்கும் இந்த விற்பனை முறை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். 2009 இல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ற்ஸ் பேஸ்போல் கழகம் ஒரு பகுதி இருக்கைகளுக்கு மட்டும் இதைப் பரீட்சித்துப் பார்த்தது. அடுத்த வருடமே மைதானம் முழுவதற்கும் கொண்டுவந்தது. அங்கிருந்து ஹொக்கிக் கழகங்களுக்கும் பரவியது. எதிரணி யார், என்ன கிழமை, புள்ளிப் பட்டியலில் யார் எங்கே நிற்கிறார்கள், மக்டேவிட் போன்ற ஒரு நட்சத்திரம் வருகிறாரா, மறுவிற்பனைத் தளங்களில் அந்த இருக்கை என்ன விலைக்குப் போகிறது என்பதையெல்லாம் ஒரு கணினி நிரல் பார்த்துக்கொண்டே இருக்கும். அதற்கேற்ப விலையும் மாறும். காலையில் பார்த்த விலை மாலையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. விலை குறையவும் செய்யும் என்று கழகங்கள் சொல்கின்றன. ஆனால் சீசன் ரிக்கற் வாங்கியவர்கள் கொடுத்த விலைக்குக் கீழே போகாதபடி பொதுவாக ஓர் அடிமட்டம் வைத்துவிடுவார்கள். மேலே போவதற்கு எந்த எல்லையும் இல்லை.

சந்தை என்று கட்டுரையாளர் சொல்வதுதான் எனக்குப் பெரிய வில்லங்கமாகப் படுகிறது. விமானம் விலை என்றால் வேறு நிறுவனத்தில் போகலாம், வேறு நாளில் போகலாம். ரொறன்ரோ ஹொக்கி ரசிகருக்கு வேறு எது இருக்கிறது? நியூயோர்க் வட்டாரத்தில் தேசிய ஹொக்கி லீக்கின் மூன்று கழகங்கள் இருக்கின்றன. அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் ரொறன்ரோப் பெரும்பாகத்தில், ஹொக்கியைத் தாய்ப்பால் போல ஊட்டி வளர்க்கும் இந்த நாட்டில், ஒன்றே ஒன்று. இது தற்செயலாக நடந்ததல்ல. ஒவ்வொரு கழகத்துக்கும் அதன் நகர எல்லையிலிருந்து 50 மைல் தூரம் சொந்தப் பிரதேசம் என்று லீக்கின் விதி சொல்கிறது. 2009 இல் பிளாக்பெரி நிறுவனத்தின் ஜிம் பால்சிலி, கடனில் மூழ்கிய ஃபீனிக்ஸ் கொயோட்டீஸ் கழகத்தை வாங்கி ஹாமில்ற்றனுக்குக் கொண்டுவர எவ்வளவு முயன்றார்! லீக் எதிர்த்தது, நீதிமன்றமும் இடம் கொடுக்கவில்லை. வழங்கலை விதி போட்டுப் பூட்டி வைத்துவிட்டு, கேள்வி, அதாவது வாங்க விரும்புவோர் தொகை, கூடியதால் விலை கூடியது என்று சொன்னால் எப்படி நியாயமாகும்?

அடுத்த கழகத்தைத் தேடிப் போவதென்றால் எல்லை தாண்டி பஃபலோவுக்கு, அல்லது நாலைந்து மணி நேரம் ஓடி ஒட்டாவாவுக்குத்தான் போக வேண்டும். நம்மவர்கள் நிறையப்பேர் போகிறார்கள். ஆனால் எதிரணியைப் பொறுத்து ஆட்டங்களை வகை பிரித்து விலை வைக்கும் பழக்கம் பஃபலோவில் பல வருடங்களாகவே இருக்கிறது. லீவ்ஸ் வரும் நாள் அங்கும் விலை உயர்ந்த நாள்தான்.

நல்ல வீரர்களைப் பிடிக்கப் பணம் வேண்டாமா என்று சிலர் கேட்கக்கூடும். 2004-05 பருவம் முழுவதையும் முதலாளிமார் கதவடைத்து இல்லாமல் செய்த பிறகு, அணிகளின் சம்பளச் செலவுக்கு ஓர் உச்சவரம்பு வந்தது. 2025-26 பருவத்துக்கு அது 95.5 மில்லியன் அமெரிக்க டொலர், 32 கழகங்களுக்கும் ஒரே அளவு. ரொறன்ரோவில் ஒரு ரிக்கற்றை எத்தனை மடங்கு விலைக்கு விற்றாலும் லீவ்ஸ் அந்த வரம்புக்கு மேல் வீரர்களுக்குக் கொடுக்க முடியாது. 1967 க்குப் பிறகு லீக்கின் வெற்றிக் கிண்ணமான ஸ்ரான்லி கிண்ணம் இந்த நகரத்துக்கு வரவில்லை என்பதையும், 2004 க்குப் பிறகு அந்தக் கிண்ணத்துக்கான பிளேஓஃப் தொடர் ஒன்றை வெல்லவே 2023 வரை காத்திருந்தோம் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். ரசிகர்கள் விலகவில்லை. அந்த விலகாத அன்பைத்தான் கணினி நிரல் ‘கேள்வி’ என்று கணக்கெடுக்கிறது.

இனி, யாருக்கு விலை ஏறுகிறது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கட்டுரையில் அது வரவேயில்லை. சனிக்கிழமை இரவு, மொன்றியல் அணி வரும் நாள், நத்தார் விடுமுறை வாரம் - விலை உச்சத்துக்குப் போவது இந்த நாட்களில்தான். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லாத நாட்களும், தொழிற்சாலையிலும் களஞ்சியத்திலும் வேலை செய்யும் தாய் தகப்பன்மாருக்கு ஓய்வு கிடைக்கும் நாட்களும் இவைதான். பலவீனமான ஓர் அணியோடு செவ்வாய்க்கிழமை இரவு நடக்கும் ஆட்டம் மலிவாகக் கிடைக்கலாம். விடிய ஐந்து மணி ஷிஃப்ற் இருப்பவர், அடுத்த நாள் பரீட்சை இருக்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, ஆட்டம் முடிந்து யூனியன் நிலையத்திலிருந்து சப்வேயும் பஸ்ஸும் மாறி நள்ளிரவில் வீடு வந்து சேர வேண்டும். கம்பனிக் கணக்கில் ரிக்கற் எடுப்பவருக்கு எந்தக் கிழமையானாலும் ஒன்றுதான். நாள் பார்த்து விலை வைக்கும்போது குடும்பங்களைத்தான் வெளியே தள்ளுகிறோம்.

விலை கூடுவதைவிட, விலை தெரியாமல் இருப்பது இன்னும் கொடுமை என்று நான் நினைக்கிறேன். நாலு பேர் உள்ள வீட்டில் இதற்கென்று மாதக்கணக்கில் பணம் சேர்ப்பார்கள். 300 ஆம் பகுதியில் மேல் மூலையில் ஓர் இருக்கை இவ்வளவு என்று செப்ரெம்பரில் தெரிந்தால், மாசியில் போகலாம் என்று திட்டம் போடலாம், லீவு கேட்கலாம், பிள்ளைக்குச் சொல்லிவைக்கலாம். மாறிக்கொண்டே இருக்கும் விலையில் இது எதுவும் முடியாது. இப்போதே வாங்கினால் பிறகு குறைந்துவிடுமோ, பொறுத்தால் ஏறிவிடுமோ என்று ஒரு விளையாட்டைப் பார்க்கச் சூதாட வேண்டியிருக்கிறது. பிள்ளைக்கு வாக்குக் கொடுக்கப் பயப்படும் பெற்றோர் பலரை எனக்குத் தெரியும்.

வீட்டிலிருந்து பார்க்கலாம் என்பதும் முழு ஆறுதல் இல்லை. 2025 இல் லீவ்ஸின் தாய் நிறுவனத்தில் முக்கால் பங்கு தொலைத்தொடர்பு நிறுவனமான றோஜர்ஸின் கைக்கு வந்தது. தேசிய ஒளிபரப்பு உரிமையும் அவர்களுடையதே. 2026-27 இலிருந்து இன்னும் 12 வருடங்களுக்கு அதை 11 பில்லியன் டொலருக்கு வாங்கியிருக்கிறார்கள். வாசலில் நின்றாலும் வரவேற்பறையில் இருந்தாலும் பணம் ஒரே இடத்துக்குத்தான் போகிறது.

சட்டம் என்ன செய்தது? 2016 இல் ட்ராஜிக்கலி ஹிப் இசைக்குழுவின் விடைபெறும் பயணத்தின்போது ரிக்கற்றுகள் அள்ளிக்கொண்டு போகப்பட்டுப் பன்மடங்கு விலையில் மறுபடி விற்பனைக்கு வந்தன. மக்கள் கொதித்தார்கள். 2017 இல் ஒன்ராறியோ ஒரு சட்டம் கொண்டுவந்து, முகவிலைக்கு, அதாவது ரிக்கற்றில் போட்ட விலைக்கு, மேல் பாதிக்கு மிஞ்சி மறுவிற்பனை செய்யக் கூடாது என்றது. ஆட்சி மாறியதும் அந்தப் பிரிவு நடைமுறைக்கு வராமல் நிறுத்தப்பட்டு, 2019 இல் நீக்கப்பட்டது. அது நீக்கப்பட்டது தவறு என்பதே என் எண்ணம். ஆனால் அந்தச் சட்டம் முழுமையாக இருந்திருந்தாலும், பிளாக்கில் விற்பவரை மட்டும்தான் தொட்டிருக்கும். முகவிலையையே மணிக்கு மணி ஏற்றும் முதல் விற்பனையாளரை அது தொட்டிருக்காது. பிளாக்கில் விற்பவருக்குப் போகும் இலாபத்தைத்தான் நாங்கள் எடுக்கிறோம் என்று கழகங்கள் நியாயம் சொல்கின்றன. ரசிகரின் பையிலிருந்து போவது அதே தொகைதானே!

வேறு வழி இல்லை என்று சொல்ல முடியாது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்தில், வெளியூர் ஆட்டத்துக்குத் தம் அணியோடு போகும் ரசிகரிடம் 30 பவுண்ஸுக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2016 இல் கழகங்கள் தாமே முடிவு செய்தன. 2023 இல் தி கியூர் இசைக்குழு, கேள்விக்கேற்ப மாறும் விலை தங்கள் ரிக்கற்றுகளுக்கு வேண்டாம் என்று சொல்லி, மறுவிற்பனையையும் முடிந்த இடங்களில் கட்டுப்படுத்தியது. விற்பவர் மனம் வைத்தால் நடக்கும்.

ரொறன்ரோவின் செப்ரர்ஸ் பெண்கள் ஹொக்கி அணியைப் போய்ப் பாருங்கள் என்றும் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அவர்களுடைய லீக்கின் முதல் ஆட்டமே 2024 ஜனவரி 1 ஆம் திகதி, லீவ்ஸ் பல தசாப்தங்கள் விளையாடிய பழைய மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் கட்டடத்தில்தான் நடந்தது. அருமையான ஹொக்கி. ஆனாலும் லீவ்ஸைக் காதலிக்கும் பிள்ளைக்கு அதைக் காட்டிச் சமாதானம் சொல்வது நேர்மையாகாது.

2008 இல் ஹொக்கி வர்ணனை பஞ்சாபியிலும் வரத் தொடங்கியது. குடிவந்தவர்களும் இந்த விளையாட்டைத் தங்களுடையதாக்க வேண்டும் என்று லீக்கும் ஒளிபரப்பாளர்களும் அழைக்கிறார்கள். நம் பிள்ளைகள் அந்த அழைப்பை நம்பித்தான் வீதியில் ரெனிஸ் பந்தை அடித்து வளர்ந்தார்கள்.

ஆகவே மூன்று விடயங்களைக் கேட்கிறேன். ஒவ்வொரு ஆட்டத்திலும், சனிக்கிழமையும் மொன்றியல் ஆட்டமும் உட்பட, ஒரு பங்கு இருக்கைகளைப் பருவம் தொடங்குமுன் அறிவித்த மாறாத விலையில் விற்க வேண்டும்; அவற்றை வாங்கிய விலைக்கே திருப்பி விற்கலாம் என்றிருக்க வேண்டும். மீதி இருக்கைகளின் உச்ச விலையும் முன்கூட்டியே வெளியிடப்பட வேண்டும். மாகாணத்தில் ரிக்கற் சட்டம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் மறுவிற்பனையோடு நிறுத்தாமல் முதல் விற்பனையையும் அதில் சேர்க்க வேண்டும். நம் சமூகத்திலிருந்து மாகாண சட்டமன்றமான குவீன்ஸ் பார்க்குக்குப் போன உறுப்பினர்களிடம் இந்தக் கடைசிக் கேள்வியை உங்கள் பத்திரிகை நேரடியாகக் கேட்டு, அவர்கள் தரும் பதிலை அடுத்த இதழில் வெளியிட வேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
ஸ்காபரோ