உள்ள என்ன வச்சாங்கன்னு பேஷண்ட்டுக்கும் எழுதிக் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எலும்புல குழி விழுந்தா செயற்கைப் பொருள் வச்சு நிரப்புறத பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன். நம்ம இடுப்பெலும்புல இருந்தே கொஞ்சம் எலும்பு எடுத்து வைக்கிற வேலை மிச்சம்னு எழுதியிருந்தீங்க, அது சரிதான், ஆபரேஷன் பண்ண இடத்தவிட எலும்பு எடுத்த இடம்தான் ரொம்ப நாள் வலிச்சுதுன்னு சொல்றவங்க நிறைய பேரு இருக்காங்க. ஆனா எல்லாமே ஒரே சரக்கு மாதிரி எழுதிட்டீங்க, அங்கதான் எனக்கு மனசு கேக்கல.

கால்சியம் சல்ஃபேட்டுன்னு ஒண்ணு இருக்கு, மாவுக்கட்டு போடுறோமே அதே பொருள்தான், 1892லயே டிரீஸ்மன்னு ஒரு ஜெர்மன் டாக்டர் எலும்புக் குழியில நிரப்பிப் பாத்திருக்காரு. அது ஒண்ணுல இருந்து மூணு மாசத்துக்குள்ள கரைஞ்சுடும், சில சமயம் புது எலும்பு வர்றதுக்கு முன்னாடியே போயிடும், கரையும்போது தையல் வழியா நீர் கசியறதும் உண்டு. பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்ஃபேட்டுன்னு இன்னொரு கால்சியம் பொருள், அது கரைய மாசக்கணக்காகும், ஒரு வருஷம் தாண்டியும் போகும். ஹைட்ராக்ஸிஅபடைட், அதாவது நம்ம எலும்புல இருக்குற தாது மாதிரியான பொருள், வருஷக்கணக்கா அப்படியே உக்காந்திருக்கும். 1969ல லாரி ஹென்ச்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி கண்டுபுடிச்ச பயோகிளாஸ், அதாவது எலும்போட ஒட்டிக்குற கண்ணாடி வகை, தனி.

இது எதுலயும் உயிருள்ள செல் கிடையாது, கட்டடத்துக்கு சாரம் கட்டுற மாதிரிதான், அதுல இருக்குற பொடிப்பொடி ஓட்டைக்குள்ள நம்ம ரத்தக்குழாய் நுழைஞ்சு நம்ம எலும்புதான் வளரணும். அதனால சுத்தி இருக்குற எலும்பு நல்லா இருக்கணும், சிகரெட்ட விடணும், பொருளும் நொறுங்குற ஜாதி, டாக்டர் சொல்றதுக்கு முன்னாடி கால ஊனி நடக்கக் கூடாது. இதெல்லாம் கட்டுரையில ஒரு வரி கூட இல்லையே.

என் தங்கச்சிக்கு முழங்காலுக்குக் கீழ எலும்புல இருந்த கட்டிய சுரண்டிட்டு இந்த மாதிரி செயற்கைப் பொருளோட துகளத்தான் நிரப்பினாங்க. ரொம்ப நாள் கழிச்சு வேற ஏதோ வலிக்காக இன்னொரு டாக்டர்கிட்ட போனா, எக்ஸ்ரேல அந்த இடம் வெள்ளை வெள்ளையா திட்டு, பழைய கட்டி திரும்ப வந்துருச்சா வச்ச பொருள்தானான்னு அவரால சொல்ல முடியல. டிஸ்சார்ஜ் சம்மரிய எடுத்துப் பாத்தா "போன் சப்ஸ்டிட்யூட்"னு, அதாவது எலும்புக்குப் பதிலா வச்ச பொருள்னு, ரெண்டே வார்த்தை, எந்த வகை, எவ்வளவு, எதுவும் கிடையாது. அப்புறம் ஸ்கேன், மறுபடி டாக்டர், ரிசல்ட் வர்ற வரைக்கும் வீட்ல யாருக்கும் தூக்கமில்ல. கடைசியில பழைய பொருள்தான்னு தெரிஞ்சுது.

அந்தப் பொருள் வர்ற பாக்கெட்டோடயே பேரு, பேட்ச் நம்பர் போட்ட ஸ்டிக்கர் வருது, கேஸ் ஷீட்ல ஒட்டி வச்சுக்குறாங்க. அதுல ஒண்ண பேஷண்ட் கையில குடுக்குற சம்மரிலயும் ஒட்டி, எப்போ கரையும், எக்ஸ்ரேல எப்படித் தெரியும்னு ரெண்டு வரி எழுதினா போதும், தங்கச்சி பட்ட அவஸ்தைய இன்னொருத்தர் படவேண்டாம். ஒரு எலும்பு டாக்டர்கிட்ட கேட்டு, எந்தப் பொருளுக்கு எவ்வளவு காலம்னு வகைவாரியா இன்னொரு கட்டுரை போடுங்க சார், ஆபரேஷனுக்குப் போறவங்க என்னென்ன கேக்கணும்ங்கறதையும் அதுலயே சேத்துடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகி