கவட்டையைத் தலைகீழாகப் பிடிக்கும் கிருமி

அன்புள்ள முருகா,

பாப்பாவுக்குத் தொண்டை வலி விட்டது என்று படித்ததும்தான் நிம்மதி. டாக்டர் ஸ்ட்ரெப், அதாவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா, என்றார் அல்லவா, அதனால் காய்ச்சல் போயிற்று என்று மருந்தைப் பாதியில் நிறுத்திவிடாதே, அரைகுறையாக விட்டால் ருமாட்டிக் காய்ச்சலாகி இதய வால்வு வரைக்கும் போகக்கூடும்.

லேபில் என்னதான் செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். உன் வீட்டுக்கு வந்த கிருமியின் பங்காளியிடமிருந்து வந்த புரதத்தோடுதான் தினமும் மல்லுக்கட்டு. கிருமியை எதிர்க்க உடம்பு செய்யும் புரதம்தான் ஆன்டிபாடி, அதை ஒரு கவட்டை என்று வைத்துக்கொள். இரண்டு முனையும் கிருமியைப் பிடிக்கும், கைப்பிடியை வெள்ளை அணு பிடித்துக்கொண்டு கிருமியை விழுங்கும். பாப்பாவுக்கு வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தன் மேலே முடிபோல் நீட்டிக்கொண்டிருக்கும் 'எம்' (M) புரதத்தால் கைப்பிடியையே பிடித்துவிடுகிறது! வெள்ளை அணு வந்து பார்த்தால் பிடிக்க எதுவும் இல்லை. ஆனால் இந்தத் தலைகீழ்ப் பிடி, ஆன்டிபாடி குறைவாக இருக்கும் தொண்டையில்தான் அதிகம். ரத்தத்தில் ஆன்டிபாடி ஏராளம் என்பதால் கவட்டை பெரும்பாலும் சரியான பக்கமாகவே ஒட்டுகிறது என்று ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் 2012-ல் காட்டினார்கள். எம் புரதத்தில் 200-க்கு மேல் வகை உண்டு, ஒரு தடவை வந்தவனுக்கு மறுபடி வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதே லுண்டில் 1984-ல் பியோர்க், குரோன்வால் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஜி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸிலிருந்து பிரித்த புரோட்டீன் ஜி-யும் இப்படிக் கைப்பிடியைப் பிடிப்பதுதான். கிருமியின் திருட்டுப் புத்தி எங்களுக்குச் சோறு போடுகிறது. புரோட்டீன் ஜி-யைக் குட்டி மணிகளில் ஒட்டிக் குழாயில் அடைத்திருப்பார்கள். மேலே சீரம் ஊற்றினால் ஆன்டிபாடி மட்டும் மாட்டிக்கொள்ளும், மற்றதெல்லாம் கீழே ஓடிவிடும். அசல் புரதம் ரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் என்ற இன்னொரு புரதத்தையும் பிடிக்கும், அதனால் விற்பனைக்கு வருவதில் பெரும்பாலும் அந்தத் துண்டை நீக்கிவிடுகிறார்கள். அப்புறம் பிஎச் 2.7 கிளைசின் விட்டால் பிடி தளர்ந்து ஆன்டிபாடி சொட்டுச் சொட்டாக இறங்கும். அந்த அமிலத்தில் ரொம்ப நேரம் கிடந்தால் கெட்டுப்போகும், ஆகவே டியூபில் முன்னாடியே அமிலத்தை முறிக்கும் ட்ரிஸ் கரைசல் கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும்.

போன வியாழக்கிழமை அதை மறந்தேன். பன்னிரண்டு டியூப். போன் பேசிவிட்டு வந்து பார்த்தால் நடுவில் நாலு டியூப் கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கிக் கிடக்கிறது. பதினைந்து நாள் செல்களை வளர்த்து எடுத்த ஆன்டிபாடி, டா.

இப்போது "முதலில் ட்ரிஸ்" என்று எழுதி ஸ்டாண்டிலேயே ஒட்டியிருக்கிறேன். திங்கட்கிழமை மறுபடி ஓட்டுகிறேன். பாப்பாவின் மருந்து என்றைக்கு முடிகிறது? எழுது.

அன்புடன்,
ரவி