காற்றைச் சீராக்கித் தந்தவர்களுக்கு நன்றி

பட்டர்வொர்த் வட்டாரத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்காக நாங்கள் நடத்திய விண்கலப் பட்டறைக்குத் தோள்கொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

முதல் நன்றி, விண்கல மாதிரியின் மேல் காற்றை ஓடவிட்டுப் பார்க்கும் எங்கள் காற்றுச் சுரங்கப் பெட்டியைச் சீராக்கித் தந்த, பாயான் லெப்பாஸில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஐயாவுக்கு. விசிறி தள்ளிவிடும் காற்று சுழன்றுகொண்டே வரும். அதில் எடுக்கும் அளவை நம்ப முடியாது. அதனால் விசிறியைப் பெட்டியின் பின்பக்கம் மாட்டிக் காற்றை உள்ளே இழுக்க வைத்தார். முன்வாயில் ஸ்ட்ராக்களைத் தேன்கூடு போல நெருக்கி அடுக்கினார். பிறகு ஊதுபத்திப் புகை கோடு கோடாக நேரே ஓடியதைப் பார்த்துப் பிள்ளைகள் கை தட்டினார்கள். அந்தப் பொறுமைக்கு எப்படி நன்றி சொல்வது ஐயா!

நிலாவுக்கு மனிதர்களை ஏற்றிச்சென்ற அப்பல்லோ கலத்தின் மாதிரியை அச்சிட்டுக் கொடுத்த தம்பிக்கும் நன்றி. அசல் கலத்தின் விட்டம் 3.9 மீட்டர். நாற்பதில் ஒரு பங்காக்கியதும் 10 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிட்டது.

வான்வெளிப் பொறியியல் படிக்கும் தங்கச்சிக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறோம். “ராக்கெட் கூராக இருக்கு, இது மட்டும் ஏன் மொட்டையா இருக்கு?” என்று ஒரு பையன் கேட்டான். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஜூலியன் ஆலன் கண்டறிந்ததை அவர் எளிமையாக விளக்கினார். கலம் அதிவேகமாகப் பூமிக்குத் திரும்பும்போது, மழுங்கிய முகத்துக்கு முன்னால் அதிர்ச்சி அலை (திடீரென நெருக்கப்பட்டுச் சூடாகும் காற்றின் மெல்லிய அடுக்கு) சற்று விலகியே நிற்கும். வெப்பத்தில் பெரும்பகுதி சுற்றியுள்ள காற்றோடு போய்விடும். கூர்முனையாக இருந்தால் கலமே அதிக வெப்பத்தை வாங்கிக்கொள்ளும்.

அதோடு விடாமல், “இந்தப் பெட்டியில் அந்த வெப்பத்தையோ அதிர்ச்சி அலையையோ பார்க்க முடியாது. நிலாவிலிருந்து திரும்பும் கலம் வினாடிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகத்தில் வரும்” என்று பிள்ளைகளிடம் ஒளிக்காமல் சொன்னார். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பெட்டியில் எது தெரியுமோ அதை நன்றாகக் காட்டினார். மாதிரி சுழலும்படி ஊசியில் மாட்டினார். அந்த ஊசி வெப்பக் கேடயத்துக்கு (வெப்பத்தைத் தாங்கும் மழுங்கிய அடிப்பாகம்) அருகில் இருந்தபோது மழுங்கிய பக்கம் காற்றைப் பார்த்து நின்றது. ஊசியைக் கூம்பின் நுனிப்பக்கம் நகர்த்தியதும் மாதிரி தலைகீழாகத் திரும்பியது. ஊசி இருக்கும் இடம் கலத்தின் எடை மையம் போன்றது. கலத்துக்குள் எடையை எங்கே வைக்கிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்று ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் புரிந்தது. 2014 டிசம்பர் 18 அன்று இஸ்ரோ சோதித்த ஆளில்லாக் கலம் வங்காள விரிகுடாவில் இறங்கிய கதையை அவர் சொன்னபோது கூடமே அமைதியாகிவிட்டது. அதுவும் இதே மழுங்கிய அடிப்பாகம் கொண்டதுதான்.

கூடத்தை வாடகையின்றித் திறந்துவிட்ட கோயில் நிர்வாகத்துக்கும், மீகோரிங்கும் மைலோவும் கொண்டுவந்த அம்மாக்களுக்கும் நன்றி.

பெட்டி இப்போது கோயில் கூடத்தில்தான் இருக்கிறது. வேறு பள்ளிகள் கேட்டால் தாராளமாகக் கொடுக்கிறோம். ஸ்ட்ரா அடுக்கை மட்டும் கை வைத்து அழுத்தாமல் தூக்க வேண்டும் என்று ஐயா சொல்லச் சொன்னார்.

நன்றியுடன்,
பட்டறை ஏற்பாட்டுக் குழுவினர், பட்டர்வொர்த், பினாங்கு