இருபது படுக்கை இருந்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தில் ஆற்றோரப் பண்ணைக் களஞ்சியங்களை வீடாக்கி விடுமுறைக்கு வாடகைக்கு விடுவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். அறுபதாம் கல்யாணம், கிறிஸ்துமஸ் விடுமுறை என்று லண்டனிலிருந்து உறவுக்கூட்டமாகக் கிளம்பும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பயன்படும் கட்டுரைதான். ஆனால் முன்பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை அதில் விடுபட்டுவிட்டன.

முதலில் கழிவுநீர். இத்தகைய வீடுகள் பலவற்றுக்கு ஊர்ச் சாக்கடை இணைப்பு கிடையாது. தோட்டத்தில் புதைத்த செப்டிக் டேங்க் அல்லது காற்று பம்ப் வைத்த சிறு சுத்திகரிப்புக் கலன்தான் இருக்கும். ஆளுக்கு நாளொன்றுக்கு 150 லிட்டர் என்று வைத்தாலே 20 பேருக்கு 3,000 லிட்டர் ஆகிறது. இங்கிலாந்து விதிப்படி, நாளுக்கு 2,000 லிட்டருக்கு மேல் நிலத்துக்குள் விடுவதற்கும், 5,000 லிட்டருக்கு மேல் ஆற்றில் விடுவதற்கும் அனுமதி வாங்க வேண்டும். செப்டிக் டேங்கிலிருந்து நேரே ஆற்றில் விடுவதோ 2020 ஜனவரி 1 முதல் கூடவே கூடாது. எனவே "தொட்டி எத்தனை பேருக்கானது, கடைசியாக எப்போது காலி செய்தீர்கள்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஆறு பேருக்கு அமைத்த கலன் பல நாள் ஆளில்லாமல் கிடந்தால் உள்ளிருக்கும் நுண்ணுயிர்கள் உணவின்றி மெலிந்துவிடும். வெள்ளிக்கிழமை மாலை இருபது பேர் வந்து இறங்கிக் குளித்துத் துவைத்தால், கசடு படியுமுன்பே நீரோடு வெளியேறி, வடிகால் குழாய்த் துளைகளை அடைத்துவிடும். கீழ்த்தளக் கழிப்பறை கொடகொடவென்று சத்தம் போடுவதும், குளியலறைத் தண்ணீர் மெல்ல இறங்குவதும் முதல் அறிகுறிகள். அப்போதே சலவை இயந்திரத்தை நிறுத்திவிட்டு உரிமையாளரை அழையுங்கள். என்ன சுவிட்ச் என்று தெரியாமல் காற்று பம்பை அணைத்துவிடாதீர்கள்.

நம் சமையலுக்கென்று ஒரு வார்த்தை. வடை சுட்ட எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றவே கூடாது. குளிர்ந்த மண்ணுக்குள் ஓடும் குழாயில் அது உறைந்து ஒட்டிக்கொள்ளும். ஆறவைத்துப் பாட்டிலில் அடைத்துக் குப்பையில் போடுங்கள். வாணலியைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். ஈரத் துடைப்பான்களையும் கழிப்பறையில் போட வேண்டாம்.

அடுத்து வெள்ளம். எங்கள் ஹெரிஃபோர்ட் நகரில் 2020 பிப்ரவரியில் வை (Wye) ஆறு இதுவரை காணாத உயரத்துக்கு ஏறியது. அரசின் வெள்ள வரைபடத்தில் மூன்றாம் மண்டலம் என்றால், ஆற்று வெள்ளம் வர எந்த ஆண்டிலும் நூற்றுக்கு ஒன்று அல்லது அதற்கு மேல் வாய்ப்பு உண்டு என்று பொருள். வீடு மேட்டில் இருந்தாலும் அதற்குப் போகும் பாதை முதலில் முழுகலாம். கவனமாக மாற்றிய வீட்டை உள்ளே நுழைந்ததுமே அடையாளம் காணலாம்: மின்கம்பிகள் மேலிருந்து இறங்கும், பிளக் பாயிண்டுகள் இடுப்புயரத்தில் இருக்கும், தரை கல்லாகவும் பூச்சு சுண்ணாம்பாகவும் இருக்கும். வாசலில் செருகும் தடுப்புப் பலகை பொதுவாக 60 சென்டிமீட்டரோடு நிற்கும். அதற்கு மேல் நீரை வெளியே தடுத்தால் அழுத்தம் தாங்காமல் சுவரே பெயர்ந்துவிடலாம் என்பதால் அந்த அளவு.

நெருப்பு விஷயத்தில் களஞ்சியத்தின் அழகே இடைஞ்சல். கூரைவரை திறந்த கூடத்தில் புகை நேரே மேலேறி, கூடத்தைப் பார்த்த மேல்மாடத்தை ஒட்டிய படுக்கையறைகளைச் சூழும். படிக்கட்டும் அந்தக் கூடத்துக்குள்ளேயே இருந்தால் இறங்க வழியில்லை. சிறு விடுதிகளுக்கான எளிய அரசு வழிகாட்டி 10 பேர் வரை தங்கும் இடங்களுக்கு மட்டுமே. இருபது பேர் என்றால் அது போதாது. தீ அபாய மதிப்பீட்டைக் காட்டச் சொல்லுங்கள். 2023 அக்டோபர் முதல் அதை முழுமையாக எழுத்தில் வைத்திருப்பது கட்டாயம்.

குளிர்காலத்தில் போகிறவர்கள் தரைக்கு அடியில் பதித்த சூடேற்றியை முந்தைய நாளே போட்டுவைக்கச் சொல்லிவிடுங்கள். அவ்வளவு உயரமான கூடத்தில் கல்தரை சூடேறச் சில மணி நேரம் போதாது.

இப்படிக்கு,
பழைய கட்டடச் சீரமைப்புத் தொழிலில் உள்ள வாசகர்கள்,
ஹெரிஃபோர்ட்ஷயர்