வில் வளைப்பு, விஸ்கான்சினில்

மேடிசன்,
செப்டம்பர் 9

அன்புள்ள துரைக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. சோம்பலால் பதில் போடாமல் இல்லை. இங்கே பக்கத்து ஊரில் ஒரு திருவிழா வருகிறது, அதைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். நம் ஊர்க் கூத்தைப் பற்றி நீ கேட்டிருந்த விஷயத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

முதலில் வீட்டுச் செய்தி. பேத்திக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது, கைக்குக் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாள். என் முட்டி, குளிர் வருவதற்குள் ஊர் போய்ச் சேர் என்கிறது. நவம்பர் முதல் வாரத்துக்கு டிக்கெட் போட்டாயிற்று. மற்றபடி குறையில்லை.

சரி, திருவிழாவுக்கு வருகிறேன். ஊர் பெயர் நியூ கிளாரஸ். மேடிசனிலிருந்து தென்மேற்கே நாற்பது கிலோமீட்டர், மொத்த ஜனமே இரண்டாயிரத்துச் சொச்சம். "மாமா, விசா இல்லாமல் சுவிட்சர்லாந்து காட்டுகிறேன், வாங்க" என்று மாப்பிள்ளை கூட்டிப் போனார். உள்ளே நுழைந்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. கடை, பேங்க் எல்லாவற்றுக்கும் மர பால்கனி, பால்கனி முழுக்கச் சிவப்புப் பூந்தொட்டி, தெருமுனையில் பெயின்ட் அடித்த ஃபைபர் மாடு. டூயட் எடுக்கப் போட்ட செட்டை ஷூட்டிங் முடிந்தும் பிரிக்காமல் விட்டுவிட்ட மாதிரி இருந்தது.

போதாக்குறைக்கு, வந்திருந்த பாதிப் பேர் தோல் அரை டிரவுசரும் தோள்பட்டை வாரும் போட்டிருந்தார்கள். எனக்கு என்ன தெரியும், இதுதான் சுவிஸ் உடை போலிருக்கிறது என்று பக்கத்தில் நின்ற ஓர் அம்மாளிடம் சொல்லிவிட்டேன். எழுபது வயதிருக்கும், அந்த ஊர்க்காரர். "அது பவேரியாக்காரர் உடை, தெற்கு ஜெர்மனி. மாதக் கடைசியில் இங்கேயே அக்டோபர்ஃபெஸ்ட் என்ற பீர்த் திருவிழா வைக்கிறோம், அதற்கு வாங்கியதை இதற்கும் போட்டுக்கொண்டு வருகிறார்கள். எங்களுடையது இது" என்று தன் வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டினார். வெளிர்நீலத்தில் குட்டிக்குட்டி எடெல்வைஸ் பூப்போட்ட பருத்திச் சட்டை. நம்மைப் பார்த்துத் தமிழா தெலுங்கா என்று மாற்றிக் கேட்டால் நாம் விளக்குவோமே, அதே வேகம். ஆனால் பீர் ஊற்றுமிடத்தில் யாரும் சுவிஸா பவேரியாவா என்று பார்க்கவில்லை. சாயங்காலம் எல்லாரும் சேர்ந்து றெக்கை அடித்துக் குதிக்கும் கோழி ஆட்டம் போட்டார்கள். அமெரிக்கா முழுக்க அக்டோபர்ஃபெஸ்ட் என்றால் அந்தக் கூத்து நிச்சயம் உண்டு. அதற்கு மெட்டுப் போட்டவர் டாவோஸ் ஊரில் அக்கார்டியன் வாசித்த ஒரு சுவிஸ்காரர் என்று மாப்பிள்ளை சொன்னார். அந்த அம்மாள் இதைக் கேட்டிருந்தால் இன்னும் அரை மணி நேரம் பேசியிருப்பார்.

சிரித்தேன் என்று சொன்னேன் அல்லவா? அந்தச் சிரிப்பு மத்தியானம் அவர்கள் மியூசியத்தைச் சுற்றி வந்ததும் நின்றுவிட்டது. சுவிட்சர்லாந்தில் கிளாரஸ் என்று ஒரு மலை மாகாணம். கைத்தறியில் பிழைத்த ஊர்கள். மெஷின் வந்து தறியைச் சாய்த்தது, அதோடு விளைச்சலும் கைகொடுக்கவில்லை. இத்தனை பேருக்கு இங்கே சோறில்லை என்று ஆனபின், குடியேறப் போகிறவர்களுக்காக ஒரு சங்கம் அமைத்து, நிலம் பார்த்து வர இரண்டு பேரை முன்னால் அனுப்பிவிட்டு, 1845 ஏப்ரலில் 193 பேர் கிளம்பினார்கள். ஆற்றிலும் கடலிலும் நான்கு மாதம். ஆகஸ்டில் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் 108 பேர். சங்கம் வாங்கி வைத்திருந்த 1280 ஏக்கரைச் சீட்டுக் குலுக்கி, குடும்பத்துக்கு இருபது ஏக்கர் என்று பிரித்துக்கொண்டார்கள்.

அப்புறம் நடந்தது உனக்குப் பிடிக்கும். கோதுமை போட்டார்கள், பூச்சியும் சோர்ந்த மண்ணும் கைவிட்டன. மாட்டுக்குத் திரும்பினார்கள். 1860களிலிருந்து இந்த கிரீன் கவுண்டி, அதாவது இந்த மாவட்டம், முழுக்கச் சின்னச் சின்னச் சீஸ் ஆலைகள் முளைத்தன. பால் கெடுவதற்குள் குதிரை வண்டி போய்ச் சேர வேண்டும் என்பதால் நாற்சந்திக்கு ஒன்று. சுற்றுவட்டாரச் சம்சாரிகள் காலையில் பால் ஊற்றிவிட்டு அங்கேயே நின்று ஊர்க்கதை பேசுவார்களாம். முப்பது வருஷம் பால் சொசைட்டியில் ஃபேட் பார்த்தவன் நீ, அந்தக் கூட்டத்தில் போய் நின்றிருந்தால் உனக்குப் பாஷைகூடத் தேவைப்பட்டிருக்காது. ஒரு கிலோ சீஸுக்குப் பத்து லிட்டர் பால் என்ற கணக்கை நான் சொன்னதும் மாப்பிள்ளை ஆச்சரியப்பட்டார். "என் சிநேகிதன் சொல்லிக் கொடுத்தது" என்றேன்.

ஊருக்குப் பெரிய வேலை கொடுத்துக்கொண்டிருந்தது பாலைச் சுண்டவைத்து டப்பாவில் அடைக்கும் ஆலை ஒன்று. 1962-ல் அது மூடப்பட்டது. மூடியபின் ஊர் கூடி யோசித்ததில் வந்தவைதான் நான் பார்த்துச் சிரித்த பால்கனிகளில் பெரும்பாலானவை. வேலை போன ஊர், பாட்டன் வீட்டு முகப்பை எடுத்து வாசலில் மாட்டிக்கொண்டது. பிழைக்கப் போட்ட வேஷம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யாரோ வெளி ஆளைப் பார்த்துப் போட்ட வேஷம் இல்லை.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் நீ விடமாட்டாய். கால்பர்வுர்ஸ்ட் என்று கன்றுக்கறியில் பால் சேர்த்துச் செய்யும் வெள்ளைத் தொத்திறைச்சி, கிளாரஸ்காரர்களின் சொந்தச் சரக்கு. மாப்பிள்ளை இரண்டு தின்றார், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்கு ரோஸ்டி. உருளைக்கிழங்கைத் துருவி, வெண்ணெயில் மொறுமொறுவென்று வார்த்த அடை என்று வைத்துக்கொள். ஊறுகாய் இல்லாத குறை தவிர வேறு குறை சொல்ல முடியாது. அதைவிட, அன்று காலை திரிந்த சீஸ் கட்டி ஒரு பை. விரல் நுனி அளவுதான் ஒவ்வொன்றும். பல்லில் வைத்ததும் ஈரச் செருப்பு சிமெண்ட் தரையில் உரசுகிற மாதிரி 'கீச்' என்கிறது. அந்தச் சத்தம் இருந்தால் புதுசு, ஒரு நாள் போனால் கட்டி ஊமையாகிவிடுமாம். பேத்தியிடம் ஒன்றைக் கொடுத்தேன். அவளுக்கு இருக்கிற இரண்டு பல்லுக்கும் கீச்சென்றது, அரண்டு போனாள்.

ஆல்ப்ஹார்ன் ஊதினார்கள். இரண்டு ஆள் நீளத்துக்கு ஸ்ப்ரூஸ் மரக் குழல், வாய் தரையில் கிடக்கிறது. நம் நாகஸ்வரத்தில் இருப்பதுபோல் துளையே கிடையாது, ஸ்வரம் முழுவதும் உதட்டில்தான். நான் போய்க் குழலின் வாய்ப் பக்கம் நின்றேன். காதில் கேட்பதற்கு முன்னால் காலில் அதிர்கிறது. அதற்கப்புறம் ஒரு பெண் மண் கிண்ணத்தில் வெள்ளிக் காசைப் போட்டுச் சுழற்றினாள். காசு செங்குத்தாக நின்று ஓரத்தோடு ஓடி, கிண்ணம் ரீங்காரமிடுகிறது. மூன்று கிண்ணம், மூன்று சுருதி, அதன்மேல் இரண்டு பேர் யோடல் பாடினார்கள், குரலைச் சட்டென்று மேலும் கீழும் தாவவிடும் மலைப் பாட்டு. தம்புராவுக்கு வேறெங்கோ ஓர் ஒன்றுவிட்ட தங்கை. இந்தப் பழைய வழக்கமெல்லாம் அந்த மலையிலேயே தேய ஆரம்பித்து, 1805-ல் இன்டர்லாக்கன் பக்கம் உன்ஷ்புன்னன் என்ற இடத்தில் பெர்ன் நகரப் பெரிய மனிதர்கள் விழா எடுத்துத்தான் ஆல்ப்ஹார்னுக்கு மறுபடி மவுசு வந்ததாம். ஆக, அசலே ஒருமுறை தூக்கி நிறுத்தப்பட்டதுதான்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். திரௌபதி அம்மனுக்குக் கூத்தை நிறுத்திவிட்டு ஆர்கெஸ்ட்ரா வைக்கலாம் என்று பையன்கள் சொல்கிறார்கள், பார்க்க ஆளில்லாத கூத்து எதற்கு என்று கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். இந்தத் திருவிழாவின் உயிரே ஒரு கூத்துதான் துரை. வில்லியம் டெல் கதை. கொடுங்கோலன் கெஸ்லர் கம்பத்தில் தன் தொப்பியை மாட்டி, போகிறவன் வருகிறவன் எல்லாம் அதைக் கும்பிட வேண்டும் என்கிறான். டெல் கும்பிடவில்லை. அதற்குத் தண்டனை, பெற்ற பிள்ளையின் தலைமேல் ஆப்பிளை வைத்து அம்பால் அடிக்க வேண்டும். 1804-ல் ஷில்லர் எழுதிய நாடகம். அவர் ஜெர்மானியர், சுவிட்சர்லாந்து மண்ணை மிதித்ததேயில்லை. டெல் என்று ஒருவன் இருந்தான் என்பதற்கும் சரித்திரத்தில் சான்று இல்லை. இருந்தும் இந்த ஊரார் 1938-ல் இதை ஆடத் தொடங்கினார்கள்.

ஊருக்கு வெளியே மரங்கள் சூழ்ந்த திறந்தவெளி. மேடை என்று ஒன்று இல்லை, புல் சரிவுதான். முதலில் மணி ஓசையோடு பழுப்புச் சுவிஸ் மாடுகள் இறங்கி வருகின்றன, பின்னால் ஆடுகளைச் சின்னப் பிள்ளைகள் ஓட்டி வருகிறார்கள். ஓர் ஆடு கதையை விட்டுவிட்டுப் பார்வையாளர் பக்கம் வந்து ஒருவர் தொப்பியை மோந்து பார்த்தது. கெஸ்லர் நிஜக் குதிரையில் பாய்ந்து வந்தான். ஆடுகிறவர்கள் ஊர் ஜனங்கள்தான், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அதே அம்மாள், ஆடு ஓட்டிய ஒரு பையனைக் காட்டி, "என் பேரன். நானும் அந்த வயதில் ஆடு ஓட்டினேன், என் அப்பா சிப்பாய் வேஷம் போடுவார்" என்றார். அவர் கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தார், அதில் வெள்ளையில் மாங்காய் புட்டா. கிளாரஸ்காரர்களின் பழைய அச்சுத் துணியாம், நம் பக்கத்து மாங்காய்தான் அந்த மலைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. நான் துணியையே பார்த்துக்கொண்டிருந்ததை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ தெரியவில்லை.

அந்த ஆப்பிள் கட்டத்தை நான் கோட்டைவிட்டேன். டெல் வில்லை ஏற்றுகிறான், கை நடுங்குகிறது, அதற்குள் கெஸ்லரோடு வேறொருவன் சண்டைக்கு நிற்கிறான், என் கண் அந்தப் பக்கம் போய்விட்டது. "ஆப்பிள் விழுந்துவிட்டது!" என்று யாரோ கத்தியபோதுதான் திரும்பினேன். பையன் பாதி ஆப்பிளைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் ஓடுகிறான். பிறகுதான் தெரிந்தது, அது ஷில்லரே செய்து வைத்த தந்திரம். அம்பு பறப்பதைக் காட்டாமல் ஆளைத் திசைதிருப்பி விடுகிறார். உன் அப்பா வில் வளைப்புக் கூத்தில் அர்ச்சுனனாக வந்து மச்ச யந்திரத்தை அடிக்கும்போது, கட்டியங்காரன் குறுக்கே ஓடிப் பெட்ரோமாக்ஸை மறைப்பானே, ஞாபகம் இருக்கிறதா? நாம் இரண்டு பேரும் ஒரு வருஷமாவது அந்த அம்பைப் பார்த்துவிட வேண்டும் என்று முன்வரிசையில் விழித்துக்கொண்டு கிடந்தோம். பார்த்ததேயில்லை.

கூட்டம் அப்படியொன்றும் இல்லை. பீர்ப் பந்தலிலும், தெருவை அடைத்துப் போல்கா ஆடிய இடத்திலும்தான் ஜனம் நெருக்கியடித்தது. சரிவில் நிறைய நாற்காலி காலி. "வருஷா வருஷம் இப்படித்தானா?" என்று அந்த அம்மாளிடம் கேட்டேன். "ஆடுகிறவர்களே நிறையப் பேர் இருக்கிறோமே" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை.

அதனால் நான் சொல்வது இதுதான். ஆர்கெஸ்ட்ராவும் வையுங்கள், சண்டை வேண்டாம். ஆனால் அதே பையன்களில் நாலு பேரைக் கூத்தின் முதல் நாள் ராத்திரிக்கு வேஷம் கட்ட வை. பார்க்கச் சொல்லாதே, ஆடச் சொல். பெயின்ட் அடித்த மாடாக நின்றாலும் சரி. கூத்து வாத்தியார் குடும்பத்துக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டுமானால் என் பங்கை இங்கிருந்தே அனுப்புகிறேன், கணக்கு நம்பரை மறுபடி எழுது, பழைய சீட்டு தொலைந்துவிட்டது.

உனக்குச் சீஸ் கொண்டுவருகிறேன். லிம்பர்கர் என்று ஒன்று, இந்தக் கவுண்டியின் பெருமை, நாலு நாள் போட்ட சாக்ஸ் மாதிரி நாறும். அதுதான் வேண்டும் என்று நான் நின்றேன், "பெட்டி முழுக்க நாறும், வேண்டாம்" என்று மகள் ஒரே பிடியாக நிற்கிறாள். பார்க்கலாம்.

அபிமன்யு வேஷத்துக்கு உன் பேரன் சம்மதித்தானா, அதை மட்டும் உடனே எழுது.

உன்,
பழனி