'மீள்குடியேற்றம்' என்று எழுதியதைத் திருத்துங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு இதழில் எங்கள் முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்பிலவு ஊர் பற்றிய கட்டுரையில், சனம் சீனியாமோட்டையில் 'மீள்குடியேற்றப்பட்டனர்' என்று போட்டிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் 'ரீலொகேட்' என்று இருந்ததை 'ரீசெட்டில்' என்று எடுத்துவிட்டீர்கள். இரண்டும் 'ரீ'யில் தொடங்குவதால் வந்த பிழை, சரி. ஆனால் என்னால் அப்படி விட முடியவில்லை.

எங்கள் நாட்டு அரசாங்க அலுவலகப் பேச்சில் ரீசெட்டில்மென்ட் என்றால் சொந்தக் காணிக்குத் திரும்புவது. ரீலொகேஷன் என்றால் வேறெங்கோ கொண்டுபோய் இருத்துவது. போர் முடிந்தபின் சனத்தை வைத்திருந்த வவுனியா மெனிக்பாம் முகாமை 2012 செப்டெம்பரில் மூடியபோது கேப்பாப்பிலவில் இராணுவம் இருந்தது. அந்தச் சனத்தைக் காடு வெட்டிய சீனியாமோட்டையில் இறக்கினார்கள். ஊரைத் திருப்பிக் கேட்டு 2017இல் அவர்கள் வீதியோரம் பந்தல் போட்டுப் போராட்டம் இருந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. மீளக் குடியேறிய சனம் எதற்குப் பந்தலில் போய் இருக்கவேண்டும்?

நான் வேறு ஊர். 2010இல் முகாமில் ஓர் அலுவலர் ஆங்கிலப் படிவம் ஒன்றை நீட்டினார். 'ரீ' என்ற எழுத்தைக் கண்டதும் ஊருக்கு விடுகிறார்கள் என்று கையெழுத்து வைத்தேன். பஸ் எங்கள் சந்தியில் திரும்பாமல் நேரே போனபோதுதான் விளங்கியது. பிறகு காணி உறுதிப் பத்திரத்தோடு அலுவலகத்துக்குப் போனால், 'நீங்கள் மீள்குடியேறியவர் என்று பதிவில் இருக்கிறது' என்று அனுப்பிவிட்டார்கள். என் மாமனார் எங்கள் வளவுக் கிணற்றில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமலே கண்மூடினார்.

எங்களை 'இடம்பெயர்ந்தவர்கள்' என்றும் எழுதுகிறீர்கள். கிளிநொச்சி, விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று ஷெல்லடி எங்களைப் பெயர்த்துக்கொண்டு போனது. நாங்களாகப் பெயரவில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த அலுவலகத்துக்கும் 'காணாமற்போன ஆட்கள்' என்றுதான் பெயர். பிள்ளையைக் கையில் பிடித்து இராணுவத்திடம் ஒப்படைத்த தாயிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள். 'காணாமல் போகவில்லை, காணாமல் ஆக்கினார்கள்' என்பாள். இதைப் பற்றி முன்பும் ஒரு கடிதம் எழுதினேன். நீங்கள் போடவில்லை. முப்பது வருட வாசகன் என்பதால் அது இன்னும் மனதில் கிடக்கிறது.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்: 'மீள்குடியேற்றப்பட்டனர்' என்பதை 'வேறிடத்தில் குடியமர்த்தப்பட்டனர்' என்று வாசிக்கவும். அந்த இதழில் ஒரு பிரதி எனக்கு எடுத்து வையுங்கள். காணி மனுவோடு இணைத்துக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
முல்லைத்தீவு.