அம்மப்பாவின் மத்தளத்துக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

எங்கள் அம்மப்பா கூத்துப் பழக்கும் அண்ணாவியாராக இருந்து அடித்த மத்தளம் திரும்பவும் பேசுகிறது. இம்முறை ஊரில், மட்டக்களப்புக் கூத்து வகைகளில் ஒன்றான வடமோடிக்குச் சட்டம் கொடுத்து, அதாவது ஆடுவோருக்குப் பாட்டைப் பிரித்துக் கொடுத்துப் பழக்கத் தொடங்கியபோது, அதைத்தான் அடித்தார்கள். உதவியவர்களுக்கு நேரில் நன்றி சொல்லியாயிற்று. ஆனாலும் நீங்கள் செய்தது என்னவென்று ஊரும் அறிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் அயல்வீட்டு மாமிக்கு. 2007-இல் போரால் படுவான்கரைச் சனம், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் நாங்கள், இடம்பெயர்ந்தபோது எங்கள் கையில் பிள்ளைகளும் உடுப்புப் பையும்தான் இருந்தன. மத்தளத்தைச் சாரத்தில் சுற்றித் தன் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றியவர் மாமி. மாமி, அன்றைக்கு நீங்கள் அதை விட்டு வந்திருந்தால் இன்றைக்குத் திருத்துவதற்கு ஒன்றுமே இருந்திராது.

பிறகு அது பரணில் கிடந்தது. தோல் காய்ந்து கிழிந்து, வார் இற்று, கட்டையிலும் ஒரு வெடிப்பு. புதிது வாங்கினால் செலவு குறையும் என்று பலர் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் 1978 சூறாவளிக்கும் தப்பிய பலாக்கட்டை அது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எங்கள் பக்கத்துக் கூத்தை மேடையேற்றிய கதையை அம்மப்பா அந்த மத்தளத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் சொல்லுவார்.

மத்தளம் கட்டும் ஐயாவுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது? பழைய தோலைக் கழற்றிவிட்டு வெறும் கட்டையைத் தட்டிப் பார்த்தார். "தோல்தான் செத்திருக்கு மகன், கட்டை உயிரோட கிடக்கு" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. ஆணி அடித்தால் நாதம் கெடும் என்று சொல்லி, தச்சுவேலைத் தம்பியைக் கொண்டு வெடிப்பில் மெல்லிய பலாச்சீவலை இறுக்கிப் பசை வைத்து ஒட்டுவித்தார். மாரி மழைக்குள் தோல் ஒழுங்காகக் காயாது, தை பிறக்கட்டும் என்று எங்களைக் காக்க வைத்தார். அந்தப் பொறுமைதான் வேலையைக் காப்பாற்றியது. வலந்தலைக்கு, அதுதான் வலப்பக்கத் தோலுக்கு, மருந்து என்கிற கரும்பசை வைத்ததைப் பார்த்திருக்க வேண்டும்: கொஞ்சம் பூசுவார், காய விடுவார், கல்லால் தேய்ப்பார், தட்டிக் கேட்பார், திரும்பவும் பூசுவார். மருந்து கூடினால் சத்தம் அமுங்கும், குறைந்தால் கீச்சிடும். கடைசியில் என் மருமகனை அடிக்கச் சொல்லிவிட்டு, தான் வளவின் கோடியில் போய் நின்று கேட்டார். கூத்தாடும் களரியில் தூரத்தில் இருப்பவனுக்கும் அடி பிரிந்து கேட்க வேண்டுமாம். இத்தனைக்கும் தோலுக்கும் வாருக்கும் மட்டுமே காசு வாங்கினார். ஐயா, உங்கள் கைக்கூலி எங்கள்மேல் கடனாகவே இருக்கிறது.

அந்த வேலை முழுவதையும் படம் பிடித்து, அளவுகளையும் எழுதி வைத்த தங்கச்சி கல்லடி சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படிக்கிறவர். ஐயாவின் கைப்பக்குவம் ஐயாவோடு போய்விடக் கூடாது என்பது அவருடைய கவலை, எங்களுடையதும் அதுதான். சுவிஸிலிருந்து காசு அனுப்பிய மச்சானுக்கும், தோல் காயும்வரை நாய் அண்டாமல் காவல் இருந்த பக்கத்து வளவுப் பிள்ளைகளுக்கும் நன்றி.

மத்தளத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் போவதில்லை. அடிக்காமல் விட்டால் தோல் இறுகிப்போகும். எந்த ஊர்ப் பிள்ளைகள் கூத்துப் பழகினாலும் வீட்டுக்கு வந்து கேளுங்கள், கொண்டுபோய் அடித்துப் பழகலாம். மழையில் மட்டும் நனைய விடாதீர்கள்.